கேள்வித்தாள் சாஃப்ட்வேர்: யோசிக்க வைக்கிறதா, டிக் அடிக்க வைக்கிறதா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆனதும் பலருக்கும் வரும் யோசனை இது: பிள்ளைகளுக்கு இதிலேயே டெஸ்ட் வைத்தால் என்ன? டியூஷன் எடுப்பவர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதையே கேட்கிறார்கள். இதற்கான இலவச சாஃப்ட்வேர்கள் நிறைய இருக்கின்றன. இருபது கேள்விகளை டைப் செய்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளைக் கொடுத்து, சரியான விடை எது என்று காட்டிவிட்டால் போதும். மாணவர் கடைசி பட்டனில் க்ளிக் செய்த உடனே மதிப்பெண் திரையில் வந்துவிடும். திருத்தும் வேலையே இல்லை.

வசதிதான். ஆனால் அந்த மதிப்பெண் எதை அளந்தது? எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயத்திலேயே இரண்டு கேள்விகளைப் பாருங்கள்.

கேள்வி 1: விருத்தாசலம் எந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது? அ) பட்டு ஆ) பீங்கான் இ) பட்டாசு ஈ) பூட்டு

கேள்வி 2: மழைக்காலத்தில் ஒரு பட்டறையில் சூளையில் வைத்த பொம்மைகளில் பல வெடித்துவிட்டன. கோடையில் அதே மண், அதே அச்சு, அதே சூளையில் இப்படி ஆகவில்லை. காரணம் என்னவாக இருக்கும்? நீங்கள் சொல்லும் காரணம் சரிதானா என்று எப்படிச் சோதித்துப் பார்ப்பீர்கள்?

முதல் கேள்விக்கு ஞாபகம் போதும். இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும். ஈரம் முழுதும் காயாத மண், சூளைச் சூட்டில் என்ன ஆகும் என்று மாணவர் நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தி, பொம்மையை உடைக்கிறது என்ற முடிவுக்கு வர வேண்டும். சோதிக்கவும் வழி சொல்ல வேண்டும். "பொம்மையைத் தினமும் எடை போட்டுப் பார்ப்பேன், எடை குறைவது நின்ற பிறகு சூளையில் வைப்பேன்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதினால், அதற்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தாலும் தகும்.

சிக்கல் என்னவென்றால், முதல் வகைக் கேள்விக்கு எல்லா சாஃப்ட்வேரும் எளிது. இரண்டாவது வகைக்கு எது எளிது என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதை நீங்களே, வீட்டிலேயே, இரண்டு மாலை நேரங்களில் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். புரோகிராமிங் எதுவும் தெரிய வேண்டாம். ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, ஐந்து பிள்ளைகள் போதும்.

யோசனையின் ஆறு படிகள்

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956-ல் கற்றலின் நோக்கங்களைப் படிப்படியாக வகைப்படுத்தினார்கள். 2001-ல் அது திருத்தி அமைக்கப்பட்டது. திருத்திய பட்டியலின்படி ஆறு படிகள். பீங்கான் உதாரணத்தோடு பார்க்கலாம்.

1. நினைவு கூர்தல்: பொம்மை அச்சு எதனால் செய்யப்படுகிறது?
2. புரிந்துகொள்ளுதல்: சூளையில் வைக்கும் முன் ஏன் காய வைக்கிறார்கள்? உன் சொற்களில் சொல்.
3. பயன்படுத்துதல்: காயும்போது 10-க்கு 1 பங்கு சுருங்கும் மண்ணில், காய்ந்த பிறகு 18 செ.மீ. உயரம் இருக்க வேண்டிய பொம்மையை எத்தனை செ.மீ. உயரத்தில் வார்க்க வேண்டும்?
4. பகுத்தாய்தல்: மழைக்காலத்தில் மட்டும் பொம்மை வெடிப்பது ஏன்?
5. மதிப்பிடுதல்: நிழலில் 5 நாள் காய வைப்பது, வெயிலில் 1 நாள் காய வைப்பது - எதை ஏற்பாய்? காரணம் என்ன?
6. உருவாக்குதல்: மழைக்காலத்தில் பொம்மை காய வைக்க ஓர் ஏற்பாட்டை வரைந்து காட்டு.

மூன்றாவது கேள்விக்கு விடை 20 செ.மீ. (20-ல் 10-க்கு 1 பங்கு, அதாவது 2 போனால் 18.) கணக்குப் போடத் தெரிந்தும், 18-உடன் 1.8-ஐக் கூட்டி 19.8 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. எதில் 10-க்கு 1 பங்கு என்று யோசித்தவர்கள்தான் 20 என்று எழுதுவார்கள்.

நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மேல் படிகளைத்தான் உயர்நிலைச் சிந்தனை என்கிறார்கள். மூன்றாவதையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். நாமும் சேர்த்துக்கொள்வோம்.

இது நமக்கு எவ்வளவு தேவை?

படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் உலகத் தேர்வு ஒன்று உண்டு. அதன் பெயர் பிசா. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் இந்த இரண்டு மாநிலங்களும் கடைசிச் சில இடங்களில் இருந்தன. நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. மனப்பாடக் கேள்விக்குப் பழகியவர்களிடம் வேறு வகைக் கேள்வி கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் வந்தன. 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். வளரறி மதிப்பீடு என்றால் செயல்பாடு, சிறு தேர்வு என்று பாடம் நடக்கும்போதே பார்ப்பது. பின்னர் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு அச்சிடப்பட்டது. ஆக, கம்ப்யூட்டரும் கையில் இருக்கிறது, யோசிக்க வைக்கும் கேள்விக்கு இடமும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் கருவி சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எளிது" என்றால் என்ன?

ஒரு சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்டால், "ரொம்ப ஈஸி சார்" என்பார்கள். யாருக்கு ஈஸி? எந்த வேலைக்கு ஈஸி? மிக்ஸி மிகவும் எளிதுதான், சட்னி அரைக்க. நான்கு படி இட்லி மாவுக்குக் கிரைண்டரைத்தானே தேடுகிறோம்!

சாஃப்ட்வேர் துறையிலும் இதே கருத்துதான். ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரம் 1998-ல் வெளிவந்து, 2018-ல் புதுப்பிக்கப்பட்டது. ஒரு கருவியின் பயன்பாட்டு எளிமையை, குறிப்பிட்ட பயனாளர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் ஆகியவற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறது அது. பார்க்க வேண்டியவை மூன்று.

பலன்: எடுத்த வேலை சரியாக முடிந்ததா?
சிக்கனம்: எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது?
திருப்தி: பயன்படுத்தியவருக்கு மனநிறைவு உண்டா?

கேள்வித்தாள் சாஃப்ட்வேருக்குப் பயனாளர்கள் மூன்று பேர். கேள்வி தயாரிப்பவர், விடை எழுதுபவர், திருத்துபவர். கேள்வி தயாரிப்பவருக்கு எளிதாக இருக்கும் சாஃப்ட்வேர், விடை எழுதும் பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்கலாம். மூவரையும் தனித்தனியாகப் பார்க்காவிட்டால் சோதனை பாதிதான்.

முதல் மாலை: சோதனைக்குத் தயாராகுங்கள்

படி 1: மேலே சொன்ன ஆறு படிகளில் 2, 3, 4, 5 ஆகிய படிகளுக்கு ஒவ்வொரு கேள்வி எழுதுங்கள். நீங்கள் நடத்தும் பாடத்திலிருந்தே எடுக்கலாம். நான்கு கேள்விகள் போதும்.

படி 2: 4-ஆம், 5-ஆம் படிக் கேள்விகளுக்கு மதிப்பெண் அளவுகோல் எழுதுங்கள். பொம்மை வெடித்த கேள்விக்கு இப்படி வைக்கலாம்.

0 - விடை இல்லை, அல்லது தொடர்பில்லாத விடை
1 - "மழை, ஈரம்" என்று மட்டும் சொல்கிறார்
2 - ஈரம் காயாமல் சூளைக்குப் போனது என்கிறார்
3 - ஈரம் ஆவியாகி அழுத்தியதால் உடைந்தது என்று காரணத்தை விளக்குகிறார்
4 - அதோடு, சோதிக்க ஒரு வழியும் சொல்கிறார்

படி 3: மூன்று பேருக்கான வேலைப்பட்டியல் தயார் செய்யுங்கள்.

கேள்வி தயாரிப்பவருக்கு: கேள்வியைத் தமிழில் டைப் செய்தல், ஒரு படம் சேர்த்தல், நீண்ட விடைக்கு இடம் விடுதல், மதிப்பெண் அளவுகோலைச் சேர்த்தல்.

விடை எழுதுபவருக்கு: நான்கு வரி விடையைத் தமிழில் எழுதுதல், முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போய் விடையை மாற்றுதல், சமர்ப்பித்தல்.

திருத்துபவருக்கு: ஒரே கேள்விக்கு ஐந்து பேரும் எழுதிய விடைகளை அடுத்தடுத்துப் படித்தல், மதிப்பெண் இடுதல், ஒரு வரி கருத்து எழுதி மாணவருக்கு அனுப்புதல்.

படி 4: நோட்டில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு பத்திகள்: முடிந்ததா, எத்தனை நிமிடம், எத்தனை முறை உதவி கேட்டார், எங்கே திணறினார்.

இரண்டாம் மாலை: சோதித்துப் பாருங்கள்

ஐந்து பிள்ளைகள் போதுமா என்று சந்தேகம் வரலாம். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகிய இருவர் 1993-ல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று நீல்சன் பின்னர் எழுதினார். குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும். இரண்டு சாஃப்ட்வேர்களை மதிப்பெண் போட்டு ஒப்பிட வேண்டுமானால் இன்னும் அதிகம் பேர் வேண்டும். இதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொருவராக உட்கார வையுங்கள். தொடங்கும் முன் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "சோதனை உனக்கு இல்லை, இந்த சாஃப்ட்வேருக்கு." இதைச் சொல்லாவிட்டால், சாஃப்ட்வேரின் குறையைப் பிள்ளைகள் தங்கள் குறை என்று எண்ணி மறைத்துவிடுவார்கள்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "இந்த பட்டன் எதுக்குன்னு தெரியல", "எழுதினது காணாமப் போச்சு" என்று வருவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. மவுஸைப் பிடுங்கி நீங்களே க்ளிக் செய்யவே கூடாது! இரண்டு நிமிடம் முழுதாகத் திணறினால் மட்டும் உதவுங்கள், உதவியதையும் குறியுங்கள்.

நடுவில் ஒருமுறை இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். எழுதிய விடை இருக்கிறதா, போய்விட்டதா? ஊர்ப்பக்கம் கரன்ட் போவது புதிதல்ல. நான்கு விடைகளில் டிக் அடித்தது அழிந்தால் மறுபடி அடித்துவிடலாம். யோசித்து எழுதிய பத்து வரி அழிந்தால், அந்தப் பிள்ளை மறுபடி இரண்டு வரிதான் எழுதும்.

டைப்பிங் தின்னும் நேரம்

தமிழில் இந்தச் சோதனைக்கென்று ஒரு கூடுதல் வேலை உண்டு. விடை எழுதும் முன், அச்சிட்ட 40 சொற்களைக் கொடுத்து, பார்த்து டைப் செய்யச் சொல்லுங்கள். நேரத்தைக் குறியுங்கள்.

ஒரு மாணவிக்கு இதற்கு 8 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பொம்மைக் கேள்விக்கும் அவர் 40 சொற்களில் விடை எழுதினார். அதற்கு நீங்கள் கொடுத்த நேரம் 10 நிமிடம். அப்படியானால் யோசிக்க அவருக்குக் கிடைத்தது 2 நிமிடம்தான்! நீங்கள் அளந்தது அவரது சிந்தனையை அல்ல, விரல் வேகத்தை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நேரத்தைக் கூட்டுவது. இரண்டு, விடையைத் தாளில் எழுதச் சொல்லி, கம்ப்யூட்டரை மதிப்பெண்ணும் கருத்தும் பதிய மட்டும் பயன்படுத்துவது. மூன்று, டைப்பிங் பழக்குவது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டு, விண்டோஸ் 11-ல் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதியில் மொழிப் பிரிவுக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் கீபோர்டையும் தேர்ந்தெடுக்கலாம். பழகும்வரை முதல் இரண்டு வழிகளே நல்லது.

தமிழில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு சொல் விடையை சாஃப்ட்வேரே திருத்தும்போது, நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். யூனிகோடில் "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டையும் சமமாக்கிப் பார்க்கத் தெரியாத சாஃப்ட்வேர், சரியான விடையைத் தவறு என்று சொல்லிவிடும். "பீங்கான்" என்பதற்குப் பதில் "செராமிக்" என்று எழுதினாலும் இதே கதிதான். எனவே ஏற்கத்தக்க எல்லா விடைகளையும் கொடுக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மனநிறைவை அளக்க பத்து வாக்கியங்கள்

1986-ல் ஜான் ப்ரூக் என்ற இங்கிலாந்துக்காரர் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோல் உலகம் முழுதும் பயன்படுகிறது. பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் ஏற்கவில்லை) முதல் 5 (முழுதும் ஏற்கிறேன்) வரை எண் போட வேண்டும். அவற்றின் கருத்தை நம் தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்.

1. இதை அடிக்கடி பயன்படுத்த ஆசை.
2. தேவையில்லாத குழப்பம் இதில் இருக்கிறது.
3. பயன்படுத்த எளிது.
4. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும்.
5. இதில் உள்ள வசதிகள் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றன.
6. ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி இருக்கிறது.
7. பெரும்பாலோர் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.
8. பயன்படுத்துவது பெரும்பாடு.
9. பயமில்லாமல் பயன்படுத்தினேன்.
10. தொடங்கும் முன்பே நிறையக் கற்க வேண்டியிருந்தது.

கணக்கு எளிது. ஒற்றைப்படை வாக்கியங்களில் போட்ட எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படை வாக்கியங்களில் 5-லிருந்து போட்ட எண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள்.

உதாரணமாக ஒருவர் வரிசையாக 4, 2, 4, 3, 3, 2, 4, 2, 4, 3 என்று போட்டால், ஒற்றைப்படையில் 3+3+2+3+3 = 14. இரட்டைப்படையில் 3+2+3+3+2 = 13. மொத்தம் 27. 2.5-ஆல் பெருக்கினால் 67.5.

இது 100-க்கு 67.5 என்றாலும் சதவீதம் அல்ல. பல சாஃப்ட்வேர்களைச் சோதித்தவர்கள் கண்ட சராசரி சுமார் 68. எனவே 67.5 என்பது ஏறக்குறைய நடுத்தரம்.

ஓர் எச்சரிக்கை. டிக் அடிக்கும் தேர்வு முடிந்ததும் இந்தப் படிவத்தைக் கொடுத்தால் 90 கூட வரும். நீண்ட விடை எழுதிய பிறகு கொடுத்தால் அதே சாஃப்ட்வேருக்கு 50 வரலாம். எந்த வேலைக்குப் பிறகு கேட்டீர்கள் என்பதை மதிப்பெண் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இனி சில கருவிகளைப் பார்க்கலாம்

கூகுள் ஃபார்ம்ஸ்: இலவசம், இன்டர்நெட் வேண்டும். செட்டிங்ஸ் பகுதியில் "மேக் திஸ் எ க்விஸ்" என்பதை இயக்கினால் தேர்வாக மாறும். கேள்வி வகையில் "பாராகிராஃப்" தேர்ந்தெடுத்தால் நீண்ட விடைக்கு இடம் கிடைக்கும். இவ்வகை விடையை அது தானாகத் திருத்தாது, நீங்கள்தான் திருத்த வேண்டும். எனவே மதிப்பெண்ணை உடனே காட்டாமல், நீங்கள் பார்த்த பிறகு வெளியிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். "ரெஸ்பான்சஸ்" பகுதியில் "கொஸ்டின்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒரே கேள்விக்கு எல்லோரும் எழுதிய விடைகளை அடுத்தடுத்துத் திருத்தலாம், தனித்தனியே கருத்தும் எழுதலாம். திருத்துபவருக்கு இது பெரிய உதவி. மதிப்பெண் அளவுகோலுக்குத் தனி இடம் இல்லை. கேள்வியின் கீழ் விளக்கமாக டைப் செய்யலாம், ஆனால் அது மாணவருக்கும் தெரியும். விடையே வெளியாகாதபடி, "காரணத்துக்கு 3, சோதிக்கும் வழிக்கு 1" என்ற அளவில் எழுதுங்கள். மாணவர் பைல் அனுப்பும் வசதியைச் சேர்த்தாலும், ஒருவருக்கு ஒரு விடை என்று கட்டுப்படுத்தினாலும், கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். கணக்கு இல்லாத சிறுவர்களுக்கு இவை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

ஹாட் பொட்டேட்டோஸ்: கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். தேர்வை வெப் பக்கமாகச் சேமித்துத் தரும். பென் டிரைவில் எடுத்துப் போய், இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறக்கலாம். நான்கில் ஒன்று, கோடிட்ட இடம், பொருத்துக, வரிசைப்படுத்துக, குறுக்கெழுத்து ஆகியவை எளிது. தவறான ஒவ்வொரு விடைக்கும் "ஏன் தவறு" என்று தனி விளக்கம் சேர்க்கலாம். சொந்தமாகப் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல ஆசான். ஆனால் நீண்ட விடையை வாங்கித் திருத்துவதற்கான கருவி அல்ல.

கஹூட்: 2013-ல் நார்வேயில் தொடங்கியது. வகுப்பே உற்சாகமாகிவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில், சரியான விடையை எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு அதிகப் புள்ளி. நின்று யோசிப்பவர் பின்தங்குவார். பாடத்தைத் திருப்பிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், சிந்தனையை அளக்க வேண்டாம்.

தாளும் லிப்ரே ஆஃபீசும்: கேள்வியை ரைட்டரில் டைப் செய்து பிரிண்ட் எடுங்கள். விடை தாளில். மதிப்பெண்ணைக் கால்க்கில் பதியுங்கள். படம் வரையச் சொல்லும் 6-ஆம் படிக் கேள்விக்கு இதைவிட எளிய கருவி இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் அதில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

நான்கில் ஒன்றிலும் யோசிக்க வைக்கலாம்

நாற்பது பிள்ளைகளின் நீண்ட விடைகளைத் தினமும் திருத்த யாராலும் முடியாது. அதற்கு ஒரு நல்ல நடுவழி உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் ட்ரீகஸ்ட் 1988-ல் விளக்கிய இரண்டடுக்குக் கேள்வி அது. முதல் அடுக்கில் விடை, இரண்டாம் அடுக்கில் அதற்கான காரணம்.

அடுக்கு 1: ஒரே மண்ணில் நான்கு பொம்மைகள். க - எங்கும் ஒரே மெல்லிய சுவர். ங - எங்கும் ஒரே நடுத்தரச் சுவர். ச - அடியில் தடித்தும் மேலே மெலிந்தும் உள்ள சுவர். ஞ - க போலவே, ஆனால் உயரம் குறைவு. ஒரே வெயிலில் காய வைத்தால் எதில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம்?

அடுக்கு 2: காரணம் என்ன?
அ) உயரமான பொம்மை தன் எடையால் சாய்ந்து விரிசல் விடும்
ஆ) மெலிந்த பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த பகுதி சுருங்காமல் இருக்கும்
இ) மெல்லிய சுவரில் மண் குறைவு, அதனால் வலு இருக்காது
ஈ) தடித்த பொம்மைக்கு அதிக வெயில் படும்

விடை ச, காரணம் ஆ. இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் ஒரு கேள்வியில் 4-ல் 1 வாய்ப்பு. இரண்டடுக்கில் 16-ல் 1 தான். தவறான காரணங்களை நீங்களாகக் கற்பனை செய்ய வேண்டாம். பிள்ளைகள் முன்பு எழுதிய தவறான விடைகளிலிருந்தே எடுங்கள். அப்போதுதான் எந்தப் பிள்ளை எதைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று தெரியும்.

கூகுள் ஃபார்ம்ஸ் இரண்டு அடுக்குக்கும் தனித்தனியே மதிப்பெண் போடும். எனவே விடைகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து, இரண்டு பத்திகளும் சரியாக உள்ள வரிசைகளை மட்டும் எண்ணுங்கள்.

திருத்துபவரையும் சோதியுங்கள்

ஐந்து பிள்ளைகளின் விடைகளை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகத் திருத்துங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒரே விடைக்கு ஒருவர் 1, மற்றவர் 3 போட்டிருந்தால், அளவுகோலின் சொற்கள் தெளிவாக இல்லை என்று பொருள். அல்லது சாஃப்ட்வேரில் அளவுகோல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உட்கார்ந்து பேசி, சொற்களைத் திருத்தி, வேறு ஐந்து விடைகளில் மீண்டும் பாருங்கள். ஒரு பிள்ளையின் மதிப்பெண், யார் திருத்தினார் என்பதைப் பொறுத்து மாறக் கூடாது அல்லவா?

முடிவு எடுப்பது எப்படி?

நோட்டில் இப்போது போதுமான தகவல் இருக்கும். இந்த ஐந்து கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று எழுதுங்கள்.

1. 4-ஆம், 5-ஆம் படிக் கேள்விகளை உதவி இல்லாமல் தயாரிக்க முடிந்ததா?
2. ஐந்தில் நான்கு பிள்ளைகளாவது உதவி இல்லாமல் விடை எழுதிச் சமர்ப்பித்தார்களா?
3. டைப்பிங் நேரத்தைக் கழித்த பிறகு யோசிக்கப் போதிய நேரம் இருந்ததா?
4. எழுதிய விடை பத்திரமாக இருந்ததா?
5. ஒரு விடையைத் திருத்தி, கருத்து எழுத இரண்டு நிமிடத்துக்குள் முடிந்ததா?

எல்லாவற்றுக்கும் ஆம் என்று வரும் சாஃப்ட்வேர் கிடைப்பது அரிது. 2-ம் 4-ம் மட்டும் கட்டாயம் வேண்டும். மற்றவற்றைக் கேள்வியை மாற்றியோ, தாளைச் சேர்த்தோ சரிசெய்யலாம்.

ஒரு மாதம் கழித்து இன்னொன்று செய்யுங்கள். அந்த மாதம் கேட்ட கேள்விகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1 முதல் 6 வரை படி எண்ணை எழுதுங்கள். எல்லாமே 1, 1, 2, 1 என்று இருந்தால், சாஃப்ட்வேருக்கு எளிதான கேள்விகளை மட்டும் கேட்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. இது யாருக்கும் வரும். திருத்தும் வேலை இல்லாத கேள்வி சுகமானது. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ, அதற்குத்தான் பிள்ளைகள் தயாராவார்கள். டிக் அடிக்கும் கேள்வியே வந்துகொண்டிருந்தால், விடைகளை மனப்பாடம் செய்து வருவார்கள், பொம்மை ஏன் வெடித்தது என்று கேட்க மாட்டார்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு பாடம், 4-ஆம் படியில் ஒரே ஒரு கேள்வி, நான்கு வரி அளவுகோல், ஐந்து பிள்ளைகள். கேள்வி உங்கள் ஊரில் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். அது பீங்கானாக இருக்கலாம், முந்திரியாக இருக்கலாம், வீட்டுக் கொல்லையில் காயும் வற்றலாகவும் இருக்கலாம்.